ஆளே இல்லாத சர்ஃப் பீச்சுக்கு போறதுக்கு முழு வழிகாட்டி: கிளம்புறதுக்கு முன்னாடி இருந்து வீடு திரும்புற வரைக்கும்

கூட்டமா இருக்குற சர்ஃப் ஸ்பாட்ல நமக்கே தெரியாம நிறைய விஷயம் ஓசில கிடைச்சிடுது. எங்க உக்காரணும், எந்தப் பக்கமா உள்ள போகணும், பாறை எங்க இருக்கு, இதெல்லாம் முன்னாடி இறங்குனவங்களைப் பாத்தே தெரிஞ்சிக்கலாம், லீஷ் (போர்டை காலோட கட்டுற வார்) அறுந்து போர்டு போயிட்டா யாராவது புடிச்சி குடுப்பாங்க. ஆளில்லாத வெப்பமண்டல கடற்கரைல இது எதுவும் கிடையாது, அவங்க செய்யுற வேலை அத்தனையும் நீங்களே செய்யணும். புதுசா வர்றவங்க பெரும்பாலும் மாட்டுறது ஒரே இடத்துல: உள்ள போற வழியை யோசிச்சிட்டு இறங்கிடுறாங்க, வெளிய வர்ற வழியை தண்ணிக்குள்ள போனப்புறம் தான் தேடுறாங்க. அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒவ்வொரு படியிலயும் திரும்பி வர்ற வழி முதல்ல வரும்.

இது யாருக்குன்னா, உடையாத அலையை தானா புடிச்சி, விழுந்தா பதறாம மேல வந்து, 200-300 மீட்டர் போர்டே இல்லாம நீந்திக் கரை சேர முடியுறவங்களுக்கு. இன்னும் நுரைத் தண்ணில எந்திரிச்சி நிக்க பழகிட்டு இருக்கீங்கன்னா இப்போதைக்கு லைஃப்கார்டு இருக்குற பீச்சே போதும், இந்த இடம் எங்கயும் ஓடிடாது.

1. அந்த இடம் ஏன் காலியா இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க

காலியா இருக்குறதுக்கு நல்ல காரணமும் இருக்கும், கெட்ட காரணமும் இருக்கும். ரோடு சரியில்ல, தங்க இடம் இல்ல, வருஷத்துல சில வாரம் தான் அலை வேலை செய்யும், இதெல்லாம் நல்ல காரணம். முதலை, சாக்கடை கலக்குற முகத்துவாரம், கரையிலயே வந்து மொத்தமா மடங்கி விழுற ஷோர் பிரேக், எப்பவும் இழுக்குற நீரோட்டம், இதெல்லாம் கெட்ட காரணம்.

உப்புத்தண்ணி முதலை இந்தியாவோட கிழக்குக் கரை, இலங்கைல இருந்து தென்கிழக்கு ஆசியா வழியா வடக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு, அது ஆத்துல மட்டும் இருக்காது, கடல்லயும் நீந்தும். புல் ஷார்க் கலங்கின முகத்துவாரத் தண்ணிக்கு வரும். இதுக்காக எல்லா இடத்துக்கும் பயப்பட வேண்டாம், ஆனா போற இடத்துல இது உண்டா இல்லையான்னு அங்க மீன் புடிக்கிறவங்க ஒரே வார்த்தைல சொல்லிடுவாங்க. கேக்காம போறது தான் தப்பு.

2. சீசனைப் பாத்து தேதியை முடிவு பண்ணுங்க, லீவைப் பாத்து இல்ல

வெப்பமண்டலத்துல அலை பெரும்பாலும் அங்கயே பிறக்குறது கிடையாது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற புயல்ல இருந்து வருது. இந்தியப் பெருங்கடலுக்கு சுமார் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் தெற்குப் பெருங்கடல் தான் அனுப்புது, பசிபிக்ல வடக்கு பாத்த கரைக்கு நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் வட பசிபிக் குளிர்காலப் புயல் அனுப்புது, கரீபியன்லயும் வடக்கு பாத்த கரைக்கு குளிர்காலம் தான் நல்ல நேரம். உங்க கரை எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னு மேப்ல பாத்து அந்தப் பக்கத்துல இருந்து எப்போ அலை வரும்னு பொருத்திப் பாருங்க.

அலை வந்தா மட்டும் போதாது, காத்தும் ஒத்துழைக்கணும். பருவக்காத்து திரும்புறப்போ ஒரே தீவுல ஒரு பக்கக் கரை கெட்டுப்போய் எதிர்ப்பக்கக் கரை சுத்தமாயிடும். கரையில இருந்து கடலைப் பாத்து வீசுற ஆஃப்ஷோர் காத்து அலையோட முகத்தை நிமிர்த்திப் புடிக்கும், கடல்ல இருந்து வீசுற ஆன்ஷோர் காத்து அதை நொறுக்கிடும். பருவத்தோட பொதுக் காத்து உங்க கரைக்கு ஆஃப்ஷோரா இருக்குற மாசம் எதுவோ அதுதான் உங்க சீசன்.

இன்னொண்ணு, மழை. பெருமழைக்கு அப்புறம் முகத்துவாரம் பக்கத்துல மூணு நாள் இறங்காதீங்க, ஆறு அடிச்சிட்டு வர்ற அழுக்கும் கிருமியும் மரக்கட்டையும் அங்க தான் மிதக்கும்.

3. ஃபோர்காஸ்ட்ல உயரத்தை மட்டும் பாக்காதீங்க

இந்தப் படியில தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. சர்ஃப்லைன், விண்டி, விண்ட்குரு எந்த ஆப்பைத் திறந்தாலும் மூணு எண் இருக்கும்: ஸ்வெல் (தூரத்துப் புயல்ல இருந்து வர்ற அலை) உயரம், பீரியட், திசை. புதுசா வர்றவங்க கண்ணு உயரத்துல மட்டும் நிக்கும், "1 மீட்டர் தானே"ன்னு கிளம்பிடுவாங்க.

பீரியட்ங்கறது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்குற நேரம், செகண்ட்ல. ஆழ்கடல்ல அலையோட நீளம் இந்த பீரியடைப் பொறுத்தது: 7 செகண்ட் அலை சுமார் 76 மீட்டர் நீளம், 14 செகண்ட் அலை சுமார் 306 மீட்டர். நீளத்துல பாதி ஆழம் வந்ததும் அலைக்கு தரை தட்டுப்பட ஆரம்பிக்கும், அதாவது 7 செகண்ட் அலைக்கு 38 மீட்டர் ஆழத்துல, 14 செகண்ட் அலைக்கு 150 மீட்டர் ஆழத்துலயே. அதனால நீளமான அலை ரொம்ப தூரத்துலயே வளைய ஆரம்பிச்சு, முனையிலயும் பாறையிலயும் குவிஞ்சு, கரைகிட்ட எந்திரிச்சி நிக்கும். ஒரே உயரத்துக்கு 14 செகண்ட் அலை சுமக்குற பவர் 7 செகண்ட் அலையை விட ரெண்டு மடங்கு. 1 மீட்டர் 14 செகண்ட்னு போட்டிருந்தா கரையில ஆள் உயரத்துக்கு வந்து விழுந்தாலும் ஆச்சரியப்படக்கூடாது.

ஆப்ல காட்டுற உயரமும் சராசரி தான், அதுவும் பெரிய மூணுல ஒரு பங்கு அலைகளோட சராசரி. நீண்ட நேரம் உள்ள இருந்தா அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரத்துல ஒரு அலை எப்பவாவது வரத்தான் செய்யும். உங்க எல்லையை ஆப் காட்டுற எண்ணுக்கு வச்சா அந்த ஒரு அலைக்கு நீங்க தயாரா இருக்க மாட்டீங்க, அதனால உங்களால சமாளிக்க முடியுறதுல பாதி உயரம் காட்டுற நாளை முதல் விசிட்டுக்கு எடுங்க.

திசையும் பாருங்க. ஸ்வெல் தென்மேற்குல இருந்து வருதுன்னா கிழக்கு பாத்த கரைக்கு ஒண்ணும் வராம போகலாம், இல்ல முனையைச் சுத்தி வளைஞ்சு சின்னதா வரலாம்.

காத்துக்கு நாள் கணக்கு இருக்கு. ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்றதால விடியக்காலைல கரையில இருந்து கடலுக்கு காத்து போகும், வெயில் ஏற ஏற நிலம் சூடாகி காத்து திரும்பிடும். அதனால விடியறதுக்கு முன்னாடி கரையில இருக்கணும், ஒன்பது பத்து மணிக்கு மேல பெரும்பாலும் கலைஞ்சிடும்.

கடைசியா டைட், அதாவது கடலோட ஏத்த வத்தம். நிறைய இடத்துல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் வத்தமும் அதிகம், அஷ்டமி ஒட்டி குறைவு. ஏத்த வத்தத்தோட நடு ரெண்டு மணி நேரத்துல தான் தண்ணி மட்டம் வேகமா மாறும், மொத்த மாற்றத்துல பாதி அந்த ரெண்டு மணில நடந்துடும். இறங்கும்போது இடுப்பளவு இருந்த பாறை ஒன்றரை மணி நேரத்துல முழங்காலளவு ஆயிடலாம். முதல் தடவை ரீஃப் (அடியில பாறையோ பவளப்பாறையோ இருக்குற) பீச்சுக்குன்னா அஷ்டமி பக்கமா, தண்ணி ஏறிட்டு இருக்குற நேரத்துக்கு பிளான் பண்ணுங்க, நேரம் ஆக ஆக தண்ணி கூடும், குறையாது.

4. சாட்டிலைட் படத்துல கரையை முன்னாடியே படிங்க

கூகுள் எர்த்ல பழைய தேதி படங்களும் பாக்கலாம். நாலஞ்சு தேதியை மாத்தி மாத்தி பாருங்க, வெள்ளையா நுரை எப்பவும் எங்க இருக்கோ அங்க அலை உடையுது, அதுக்கு நடுவுல இருட்டா ஒரு பட்டை கடல் பக்கம் போனா அது ஆழமான சேனல். அந்தப் பட்டை எல்லா தேதிலயும் ஒரே இடத்துல இருந்தா அடியில பாறை, இடம் மாறிட்டே இருந்தா மணல். மணல்னா நீங்க நேர்ல பாக்குறப்போ வேற மாதிரி இருக்கும்னு வச்சிக்கோங்க.

அதே படத்துல கடைசி ரோடு எங்க முடியுது, அங்க இருந்து எவ்வளவு நடக்கணும், நடுவுல ஓடை இருக்கான்னு பாருங்க. வத்தத்துல நடந்து தாண்டுற ஓடை ஏத்தத்துல கழுத்தளவு வரும், திரும்பி வர்ற நேரத்துக்கு டைட் என்னன்னும் சேத்துப் பாக்கணும். மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிடுங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி எது, அங்க போக எவ்வளவு நேரம்னு ஒரு பேப்பர்ல எழுதி வண்டில வைங்க. போன்ல மட்டும் இருந்தா, போன் நனைஞ்ச அன்னைக்கு தான் அது தேவைப்படும்.

5. யாரோட போறது, யாருகிட்ட சொல்லிட்டு போறது

தனியா போகாதீங்க. ரெண்டு பேர் நல்லது, மூணு பேர் அதை விட நல்லது, ஏன்னா ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், ஒருத்தர் போய் ஆள் கூட்டிட்டு வரணும். முதல் நாள் ஒருத்தர் கரையிலயே நின்னு பாத்துட்டு அப்புறம் மாத்திக்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்குற ஒருத்தர்கிட்ட எங்க போறீங்க, எந்த வண்டி, எத்தனை மணிக்கு சிக்னல் இருக்குற இடத்துக்கு வருவீங்கன்னு சொல்லிடுங்க, அதை விட முக்கியம் அந்த நேரம் தாண்டுனா அவங்க யாருக்கு கூப்பிடணும்னு சொல்றது. நேரத்தை மட்டும் சொல்லிட்டுப் போனா அவங்க பயந்துட்டு உக்காந்திருப்பாங்களே தவிர என்ன செய்யுறதுன்னு தெரியாது.

டவர் இல்லாத இடத்துக்கு கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் மெசேஜர் நல்ல துணை. ஆனா இந்தியா மாதிரி சில நாடுகள்ல சாட்டிலைட் கருவிக்கு முன் அனுமதி வேணும், இல்லாம வச்சிருந்தா போலீஸ் கேஸ் ஆகும், போற நாட்டோட விதியைப் பாத்துட்டு எடுங்க.

6. என்னென்ன எடுத்துக்கணும், ஏன்

போர்டு: புது இடத்துக்கு உங்க சின்ன போர்டை விட கொஞ்சம் வால்யூம் (கனஅளவு) அதிகமா, நல்லா மிதக்குறதா எடுங்க. நீரோட்டத்துல பேடில் பண்ணுற (போர்டு மேல படுத்து கையால துழாவிப் போற) பலம் தான் அங்க உங்க பாதுகாப்பு.

லீஷ்: போர்டு நீளம் அளவுக்கு, இல்ல கொஞ்சம் கூட. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி லீஷை கைல எடுத்து விரலால முழுசா தடவிப் பாருங்க, சின்ன வெட்டு, மெலிஞ்ச இடம், வெல்க்ரோ ஓரம் தூக்கிட்டு நிக்குறது எல்லாம் தட்டுப்படும். சுவிவல் (லீஷ் முறுக்காம சுத்துற இணைப்பு) சுத்துதான்னு பாருங்க, உப்பு ஏறி இறுகியிருந்தா லீஷ் முறுக்கிட்டு அங்க தான் அறும். புதுசா ஒண்ணு ஸ்பேரா கண்டிப்பா வேணும், போர்டுல கட்டுற கயிறும் சேத்து.

ஸ்பேர் ஃபின் (போர்டு அடியில மாட்டுற துடுப்பு), அதை மாட்டுற ஃபின் கீ, ட்ராபிக்கல் வாக்ஸ் (கால் வழுக்காம போர்டு மேல தேய்க்குற மெழுகு). குளிர்கடல் வாக்ஸ் இந்த வெயில்ல உருகி வழிஞ்சிடும்.

போர்டு ரிப்பேருக்கு வெயில்ல இறுகுற யூவி ரெசின் ஒரு டியூப். உங்க போர்டு இபிஎஸ் ஃபோமா (தெர்மாகோல் வகை) இருந்தா எபாக்ஸி வகை மட்டும் தான் வாங்கணும், பாலியஸ்டர் ரெசின் அந்த ஃபோமைக் கரைச்சிடும். இது தெரியாம ரிப்பேர் பண்ணப் போய் சின்ன ஓட்டையைப் பெருசாக்குனவங்க நிறைய.

வெயில்: வெப்பமண்டலத்துல நடுப்பகல் யூவி இண்டெக்ஸ் 11க்கு மேல போறது சாதாரணம், மேகமா இருந்தாலும் சுட்டுடும். நீளக் கை ரேஷ் கார்டு (உடம்போட ஒட்டி இருக்குற நீச்சல் சட்டை), மூஞ்சிக்கு ஜிங்க் ஆக்ஸைடு. பலாவு, ஹவாய் மாதிரி இடங்கள்ல பவளத்துக்குக் கெடுதல்னு ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்க்ரீனுக்கு தடை இருக்கு, ஜிங்க்னா எங்கயும் பிரச்சனை இல்ல.

தண்ணி: குடிக்கிறதுக்கு ஒருத்தருக்கு நாலஞ்சு லிட்டர், அது போக காயம் கழுவ தனியா ரெண்டு லிட்டர். இந்த ரெண்டாவது கேனை யாரும் நெனைக்கிறதே இல்ல. ஓஆர்எஸ் பாக்கெட் நாலு போடுங்க, இல்லாட்டி 1 லிட்டர் சுத்தமான தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி.

முதலுதவி: சோப்பு, மெல்லிய டூத்பிரஷ், ட்வீசர், பெரிய காஸ், அழுத்திக் கட்டுற பேண்டேஜ், டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த கை, காலை இறுக்கிக் கட்டுற பட்டை) ஒண்ணு, வினிகர் பாட்டில், ஃபிளாஸ்க்ல வெந்நீர், கூடவே ஒரு மக். டெட்டனஸ் ஊசி போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுக்கோங்க.

ஹெட் டார்ச்சும் வேணும், காரணம் பதினொண்ணாவது படியில.

7. கரைக்கு வந்ததும் முதல்ல வண்டி, அப்புறம் மனுஷங்க

வண்டியை கடைசியா தண்ணி வந்துட்டுப் போன காஞ்ச குப்பை வரிசைக்கு ரொம்ப மேல நிறுத்துங்க. தென்னைக்கு கீழ வேண்டாம். கரீபியன், மத்திய அமெரிக்கக் கரைல மஞ்சினீல்னு ஒரு மரம் உண்டு, அதோட பால் தோல்ல பட்டா கொப்புளம் போடும், மழைக்கு அதுக்கு கீழ ஒதுங்கக் கூடாது, பழம் தொடக்கூட கூடாது. போர்டை பூட்டின வண்டிக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க, சூட்டுல மேல ஒட்டியிருக்குற ஃபைபர்கிளாஸ் ஃபோமை விட்டு உரிஞ்சிடும்.

படகு இருந்தா, வலை காய்ஞ்சா, அங்க இருக்குறவங்ககிட்ட போய் பேசுங்க. "இங்க இறங்கலாமா, படகு எந்த வழியா வரும், வலை எங்க போட்டிருக்கீங்க, நேத்து தண்ணி எந்தப் பக்கம் இழுத்துச்சு?" இந்த நாலு கேள்வி போதும். எந்த ஆப்லயும் இல்லாதது அஞ்சு நிமிஷத்துல கிடைக்கும், அதுக்கும் மேல ஏதாவது ஆச்சுன்னா படகோட வரப்போறது அவங்க தான். வேண்டாம்னு சொன்னா வேண்டாம், விவாதமே வேண்டாம்.

8. முக்கால் மணி நேரம் இறங்காம பாருங்க

இந்த ஒரு படியை மட்டும் யாரும் ஒழுங்கா செய்யுறதில்ல. அவ்வளவு தூரம் வந்து, சுத்தமான அலை, ஒரு ஆள் இல்ல, கால் நிக்காது தான். ஆனா நீண்ட பீரியட் ஸ்வெல்ல பெரிய செட் (வரிசையா சேர்ந்து வர்ற பெரிய அலைக் கூட்டம்) வர்ற இடைவெளி 15-20 நிமிஷம் கூட இருக்கும். எங்களோட வந்த ஒரு தம்பி பத்து நிமிஷம் பாத்துட்டு "இடுப்பளவு தான்ணா, வாங்க"ன்னு வாக்ஸ் எடுத்தான், இன்னும் கொஞ்சம் நில்லுப்பான்னு உக்கார வச்சோம். கொஞ்ச நேரத்துல தொடுவானத்துல ஒரு கோடு கருப்பாச்சு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அது வரைக்கும் அமைதியா இருந்த வெளிப்பாறை மேல ஆளை விட உயரமா நாலு அலை வரிசையா மடங்குச்சு. அவன் போய் உக்காரலாம்னு கைகாட்டுன இடம் முழுக்க நுரை.

பாக்குறப்போ எதைப் பாக்கணும்னா:

முதல்ல வெளிய வர்ற இடம். நுரை அடங்கி, மணலா, நடந்து ஏறுற மாதிரி எங்க இருக்கு? நீரோட்டம் உங்களை அந்தப் பக்கமா தள்ளிட்டுப் போகுதா, எதிர்ப்பக்கமா? ஒரு குச்சியை எறிஞ்சு பாருங்க, நுரை நகர்றதைப் பாருங்க. நீரோட்டம் போற திசைல உங்க வெளிய வர்ற இடம் இருக்கணும், அதுக்கு மேல்பக்கமா இறங்குங்க. அப்படி ஒண்ணு ரெண்டு இடமாவது கிடைக்கலைன்னா அன்னைக்கு இறங்காதீங்க.

அடுத்து ரிப். அலை ரெண்டு பக்கமும் உடையும்போது நடுவுல மட்டும் உடையாம, கொஞ்சம் இருட்டா, மேல சின்னச் சின்ன சிலுசிலுப்போட, நுரையும் மணலும் கடல் பக்கமா போயிட்டே இருக்குற பட்டை தான் ரிப். பாக்க அங்க தான் அமைதியா தெரியும், அதனால குளிக்கிறவங்க நேரா அங்கயே இறங்குவாங்க. வேகமான ரிப் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல கூட இழுக்கும், ஒலிம்பிக் நீச்சல்காரரால கூட எதிர்த்து வர முடியாது. சர்ஃப் பண்றவங்களுக்கு அதுவே உள்ள போற வழி, ஆனா அது எங்க முடியுதுன்னு கண்ணால பாத்தப்புறம் தான்.

அப்புறம் ஒரு முழு செட் வர்றப்போ எத்தனை அலை, கடைசி அலைக்கு அப்புறம் எவ்வளவு நேரம் அமைதின்னு கடிகாரம் வச்சுப் பாருங்க. அலை உடைஞ்சப்புறம் தண்ணி வழிஞ்சு பாறை தலை தெரியுதான்னும் பாருங்க, தெரிஞ்ச இடம் மனசுல பதியணும்.

கடைசியா ரெண்டு ஜோடி அடையாளம் எடுங்க. ஒரு மரமும் அதுக்குப் பின்னாடி மலை முகடும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி ஒண்ணு, பக்கவாட்டுல இன்னொண்ணு. உள்ள போனதும் இந்த ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அதுதான் உங்க இடம், கோடு விலகுனா நீங்க நகர்றீங்கன்னு அர்த்தம்.

9. உள்ள போறது

கணுக்காலளவு தண்ணில காலைத் தூக்கி வைக்காம தரையோட தேச்சுத் தேச்சுப் போங்க, மணல்ல படுத்திருக்குற திருக்கை அதிர்வு உணர்ந்து நகர்ந்துடும், மிதிச்சா தான் வால்ல அடிக்கும். ரீஃப்னா பூட்டிங்கற ரப்பர் ஷூ போட்டுக்கோங்க, கடல் முள்ளெலியும் கல்மீனும் லேசுல கண்ணுல படாது. சங்கு மாதிரி அழகா கூம்பா எது கிடந்தாலும் கைல எடுக்காதீங்க, கூம்பு நத்தைல உயிரை எடுக்குற விஷம் உள்ளதும் உண்டு.

லீஷை தண்ணி ஓரத்துல கட்டுங்க, கரையில கட்டிட்டு நடந்தா தடுக்கும். செட்டோட கடைசி அலை போனதும் உடனே கிளம்புங்க, நீங்க எண்ணி வச்ச அமைதி நேரம் இப்போ ஓட ஆரம்பிச்சிடுச்சு. பாதி வழில நின்னு யோசிக்குற இடமே இல்ல. போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவுல புடிக்காதீங்க, மூஞ்சில வந்து அடிக்கும், பக்கவாட்டுல வைங்க.

10. உள்ள இருக்கும்போது

வெளிய போய் சேர்ந்ததும் அலை எடுக்காதீங்க. சேனல்ல உக்காந்து ஒரு செட் முழுசா பக்கத்துல இருந்து பாருங்க, கரையில இருந்து பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது. முதல் அலை செட்டோட முதல் அலையா இருக்க வேண்டாம், அதுல விழுந்தா மிச்ச அலை எல்லாம் தலை மேல வரும். கடைசி அலையை எடுங்க.

விழுறப்போ தட்டையா விழுங்க, தலைகீழா குதிக்காதீங்க, ரெண்டு கையாலயும் தலையை மூடுங்க, அடியில காலை ஊன்றித் தேடாதீங்க. மேல வரும்போது ஒரு கை முதல்ல வரட்டும், போர்டு தலைக்கு மேல இருக்கலாம்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடையாளக் கோட்டைப் பாருங்க, கூட வந்தவரையும் பாருங்க. நீரோட்டம் இழுத்துட்டுப் போச்சுன்னா போர்டை விடாதீங்க, அது தான் உங்க மிதவை. எதிர்த்து பேடில் பண்ணாம கரைக்கு இணையா பக்கவாட்டுல போய், அலை உடையுற இடம் வந்ததும் நுரையோட உள்ள வாங்க. கை ஓய்ஞ்சா படுத்து மிதந்துட்டு ஒரு கையை மேல ஆட்டுங்க.

11. வெளிய வர்ற நேரத்தை முன்னாடியே முடிவு பண்ணுங்க

"கடைசி ஒரு அலை"ன்னு சொல்லிட்டு அரைமணி நேரம் இருக்குறது தான் பெரும்பாலான காயத்துக்குக் காரணம். களைச்சுப் போன கை, குறைஞ்ச தண்ணி, திரும்பின காத்து மூணும் ஒரே நேரத்துல வரும். தோள்பட்டை வலிக்க ஆரம்பிச்சதும் இல்ல, அதுக்கு முன்னாடி, தெம்பு பாதி இருக்கும்போதே வாங்க.

சாயங்காலம்னா சூரியன் மறையுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. வெப்பமண்டலத்துல சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குறதால மறைஞ்ச இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல இருட்டிடும், பாறை தெரியாது, வழியும் தெரியாது. அதுக்குத்தான் ஹெட் டார்ச். ஆமை முட்டையிடுற சீசன்னா அந்த வெளிச்சத்தை சிவப்புல வைங்க, மணல் மேல அடிக்காதீங்க.

ரீஃப் மேல வர்றப்போ முழங்கால் தண்ணி வந்தாலும் எந்திரிச்சி நடக்காதீங்க, போர்டு மேல படுத்தபடியே நுரை கொண்டு போற வரைக்கும் வாங்க.

12. அடிபட்டா

பாறை வெட்டு: அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்க, அப்புறம் அந்த ரெண்டாவது கேன் தண்ணியும் சோப்பும் விட்டு பிரஷால தேச்சுக் கழுவுங்க. வலிக்கும், ஆனா பவளத் துணுக்கு உள்ள இருந்தா ஆறவே ஆறாது. எலுமிச்சை தேய்க்குறது, காபித்தூள் போடுறது எதுவும் வேண்டாம்.

ரத்தம் பீச்சி அடிச்சா அழுத்தம் போதாது, காயத்துக்கு அஞ்சு ஏழு சென்டிமீட்டர் மேல, மூட்டுல படாம டூர்னிகே இறுக்கி, கட்டுன நேரத்தை எழுதி வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, வழில அவிழ்க்காதீங்க.

திருக்கை, கல்மீன் குத்துனா: தாங்குற அளவு சூட்டுல, சுமார் 45 டிகிரி வெந்நீர்ல, முக்கால் மணில இருந்து ஒன்றரை மணி நேரம். சூட்டை அடிபடாத கைல பாத்துட்டு வைங்க. முள் மார்புலயோ வயித்துலயோ இருந்தா புடுங்காதீங்க.

ஜெல்லிமீன்: பாக்ஸ் ஜெல்லிமீன்னா வினிகரை குறைஞ்சது 30 செகண்ட் ஊத்துங்க. நீலமா ஊதின பை மாதிரி கிடக்குற புளூபாட்டில்னா கடல் தண்ணில கழுவிட்டு வெந்நீர். எதுவா இருந்தாலும் தேய்க்காதீங்க, சூடு இல்லாத நல்ல தண்ணி ஊத்தாதீங்க, சிறுநீர் விடுறது சுத்த வேலைக்காகாது.

தண்ணில இருந்து தூக்குன ஆளுக்கு மூச்சு இல்லைன்னா முதல்ல வாய் வழியா மூச்சு குடுங்க, அப்புறம் 30 அழுத்தம், 2 மூச்சு. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்க நேரத்தை வீணாக்காதீங்க. இதை எழுத்துல படிச்சு செய்ய முடியாது, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் சிபிஆர் வகுப்புக்குப் போயிட்டு வாங்க.

13. கிளம்பும்போதும் வீட்டுக்கு வந்தப்புறமும்

குப்பையை எடுத்துட்டு வர்றதை சொல்லணும்னு இல்ல. போட்டோ போடுறப்போ லொகேஷனை எடுத்துட்டுப் போடுங்க, அந்தக் கரைல வாழுறவங்க அதைப் பத்தி முடிவு பண்ணட்டும். சிக்னல் வந்ததும் முதல் வேலை, ஊர்ல காத்துட்டு இருக்குறவருக்கு "வந்துட்டோம்"னு சொல்றது.

வீட்டுல போர்டையும் லீஷையும் நல்ல தண்ணில கழுவி நிழல்ல காய வைங்க. காதுக்குள்ள தண்ணி நிக்காம தலையைச் சாச்சு எடுங்க.

காயத்தை நாலஞ்சு நாளைக்கு காலைலயும் ராத்திரியும் பாருங்க, ஓரத்துல பேனாவால கோடு போட்டு வச்சா சிவப்பு அதைத் தாண்டுதான்னு உடனே தெரியும். தாண்டுனாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தைப் பாத்தா இருக்குற அளவுக்கு மீறி வலிச்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை வியாதி, கல்லீரல் பிரச்சனை இருக்குறவங்க இன்னும் சீக்கிரம். வெதுவெதுப்பான கடல் தண்ணில விப்ரியோங்கற கிருமி இருக்கும், அதுக்குக் குடுக்குற ஆன்டிபயாடிக் சாதாரண வெட்டுக்காயத்துக்குக் குடுக்குறதுல இருந்து வேற, அதனால டாக்டர் கேக்குறாரோ இல்லையோ இது கடல் தண்ணில, பவளப்பாறைல பட்ட காயம்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க.